இருபது டாலர் தங்கக் காசு, ஓரத்தைப் பாத்தீங்களா?

பழைய அமெரிக்கத் தங்கக் காசுன்னாலே எல்லாரும் முதல்ல வருஷத்தைத்தான் பாக்குறாங்க, நான் ஓரத்தைப் பாப்பேன். இங்க கலிஃபோர்னியாவுல ஒரு காயின் ஷோல ஒரு பெரியவர் அவரோட பாட்டி காலத்து டபுள் ஈகிள் ஒண்ணு கொண்டு வந்திருந்தார், அதாங்க இருபது டாலர் காசு. 1876, கழுகுக்குக் கீழ சிசி-ன்னு மின்ட் மார்க், அதாவது எந்த நாணயச்சாலைல அடிச்சதுன்னு காட்டுற எழுத்து, நெவாடா கார்சன் சிட்டில அடிச்சது. அந்த மின்ட் 1870-லேர்ந்து 1893 வரைக்கும்தான் காசு அடிச்சுது, அதுலயும் நடுவுல சில வருஷம் இல்ல, அதனால சிசி-ன்னா கலெக்டருங்க விட மாட்டாங்க. ஆனா டீலர் தங்க விலைக்கு மேல கொஞ்சம்தான் சொன்னார், பெரியவர் முகமே வாடிப்போச்சு. நான் கேட்டு வாங்கி லூப், அதாவது சின்ன பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன், காசுல இருக்குற லிபர்ட்டிங்கிற பெண்ணோட தலைக்கு நேர் மேல ஓரத்துக் கோடெல்லாம் அராவி மழுங்கிக் கிடக்கு. நம்மூர்ல சவரனுக்கு வளையம் வச்சுக் கோக்குற மாதிரி இதையும் பத்தவச்சு செயின்ல மாட்டியிருக்காங்க. காசோட தரத்தை மதிப்பிடுற கிரேடிங்குக்கு அனுப்பினாலும் தரத்துக்கான நம்பர் தரமாட்டாங்க, சேதமான காசுன்னு அர்த்தம் வர்ற மாதிரி டீடெய்ல்ஸ்னு போட்டுத் திருப்பிடுவாங்க, பாலிஷ் போட்ட காசுக்கும் இதேதான். டீலர் சொன்னது நியாயமான விலைதான்.

தங்கத்துக்கான விலை எப்பவும் இருக்கும், எடை 33.436 கிராம், அதுல 90 சதவீதம் தங்கம், மிச்சம் செம்பு. 1904 மாதிரி லட்சக்கணக்குல அடிச்சதெல்லாம் பெரும்பாலும் தங்க மார்க்கெட்டோடவே ஏறி இறங்கும். அதுக்கு மேல கிடைக்குறது பூராவும் காசோட மேல்பரப்பு கெடாம இருக்குறதுக்குத்தாங்க.

இதை எனக்கு நல்லாப் புரிய வச்சது ஒரு 1857 சான் ஃபிரான்சிஸ்கோ காசு. 1857 செப்டம்பர்ல புயல்ல மூழ்கின எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா கப்பல்லேர்ந்து எடுத்தது, கப்பலை 1988-ல தான் கண்டுபிடிச்சாங்க. நூத்தி முப்பது வருஷம் அட்லாண்டிக் அடில கிடந்தும் அடிச்ச அன்னிக்கு இருந்த பளபளப்பு அப்படியே இருக்கு, யார் கையும் தேய்க்கல பாருங்க. இந்த 1857 காசு கப்பல்லேர்ந்து ஆயிரக்கணக்குல மேல வந்துச்சு, இருந்தும் கப்பல் பேரு போட்ட லேபிளோட இருந்தா ஜனங்க கூடவே குடுத்து வாங்குறாங்க.

ஒரு அபூர்வ ரகமும் இருக்கு. 1866-ல புது டை, அதாவது காசு அடிக்கிற அச்சு, வந்து சேர்றதுக்கு முன்னாடி சான் ஃபிரான்சிஸ்கோல பழைய டைலயே, "கடவுளை நம்புகிறோம்"ங்கிற வாசகம் இல்லாம கொஞ்சம் அடிச்சாங்க. 2013-ல கலிஃபோர்னியாவுல ஒரு தம்பதிக்கு அவங்க நிலத்துலயே தகர டப்பாக்கள்ல 1,427 தங்கக் காசு கிடைச்சுதே, அந்தப் புதையல்ல பெரிய விலை மதிச்சது இந்த ரகத்தைத்தான். அதை நேர்ல பாத்தவங்க இருந்தா சொல்லுங்க, எனக்கு இன்னும் அந்த பாக்கியம் கிடைக்கல.