பில்லர் அடியில் யு.பி.வி. ரீடிங் 109 மைக்ரோசெகண்ட்: கான்கிரீட் மோசமா, டெஸ்ட் மோசமா?

புதுத்தளம்:
300 × 450 மி.மீ. பில்லர், எம்25 (கான்கிரீட்டின் வலிமைத் தரம்), கான்கிரீட் போட்டு 35 நாள். இன்னும் பூசவில்லை. யு.பி.வி., அதாவது ஒலி கான்கிரீட்டைக் கடக்கும் நேரத்தை அளக்கும் டெஸ்ட். 54 கிலோஹெர்ட்ஸ் புரோபை (ஒலியை அனுப்பும், வாங்கும் முனைகள்) எதிரெதிர் முகத்தில் வைத்து 300 மி.மீ. குறுக்கே எடுத்தோம். இடுப்பு உயரத்துக்கு மேல் எல்லாம் 71, 72 மைக்ரோசெகண்ட். தரையிலிருந்து ஒரு அடிக்குள் ஆறு புள்ளியிலும் 108 முதல் 110. அதன்படி ஒலியின் வேகம் மேலே வினாடிக்கு 4.2 கி.மீ., கீழே 2.75. இடித்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். வேறு வழி உண்டா?

கம்பிகட்டி:
பில்லர் அடி என்றாலே தேன்கூடுதான் (உள்ளே ஓட்டை விழுந்த கான்கிரீட்) முதல் சந்தேகம். வார்ப்புப் பெட்டிக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி இருந்தால் சிமெண்ட் பால் ஒழுகிப் போய் ஜல்லி மட்டும் நிற்கும். 1.5 மீட்டருக்கு மேலிருந்து கொட்டினாலும் ஜல்லி பிரியும். வைப்ரேட்டர் ஊசி அடிவரை போனதா என்று கேளுங்கள். இந்தியத் தர விதி ஐ.எஸ். 13311 அட்டவணைப்படி 3.0-க்குக் கீழே சந்தேகத்துக்குரியது.

அலைவரிசை:
அதற்குள் இடிக்க வேண்டாம். ஆறு புள்ளியும் ஒரே மாதிரி வருவதே உறுத்துகிறது. தேன்கூடு என்றால் ஒன்று 80, ஒன்று 95, ஒன்றில் ரீடிங்கே வராது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் 100 மி.மீ. அகலத்துக்கு ஓட்டை என்றே வையுங்கள். ஒலி அதைச் சுற்றிக்கொண்டு வரும். பாதை 300-லிருந்து 316 மி.மீ. ஆகும், அவ்வளவுதான். 71 என்பது 75 ஆகுமே தவிர 109 ஆகாது.

உங்களுக்குக் கூடுதலாக வந்தது ஏறத்தாழ 37 மைக்ரோசெகண்ட். 54 கிலோஹெர்ட்ஸில் ஒரு அலைக்கு 18.5. சரியாக இரண்டு அலை! முதல் அலை பலவீனமாக வந்ததால் மெஷின் அதைத் தவறவிட்டு மூன்றாவதைப் பிடித்திருக்கலாம். புரோபுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம் இருந்தால் போதும், ஒலி கிட்டத்தட்ட முழுதாகத் திரும்பிவிடும். காற்றில் அது போகும் வேகம் 340 மீட்டர்தான் என்பதல்ல இங்கே சிக்கல். உள்ளே நுழையவே முடியாததுதான் சிக்கல்.

அடியில் சொரசொரப்பும் ஒட்டிய சிமெண்ட் பாலும் இருக்கும். கிரைண்டர் வைத்துச் சமமாகத் தேயுங்கள், தூசியைத் துடைத்துவிட்டு கிரீஸ் தடவி, புரோபை அழுத்தி அது பிதுங்கி வெளியே வரும்வரை பிடியுங்கள். அதற்கு முன், மெஷினோடு வரும் ரெஃபரன்ஸ் பாரில் (ஒலி கடக்கும் நேரம் தெரிந்த தண்டு) பொறித்திருக்கும் எண்ணுக்கு மெஷினைச் சரிசெய்யுங்கள். 2 மைக்ரோசெகண்ட் தவறினாலே இங்கே 3% பிழை. அலைவடிவம் தெரியும் மெஷின் என்றால் கெயினை (அலையைப் பெரிதாக்கும் அளவை) கூட்டி முதல் எழுச்சியைக் கண்ணால் பாருங்கள்.

கம்பியையும் மறக்க வேண்டாம். இரும்பில் ஒலி 5 கி.மீ.க்கு மேல் ஓடும். ரிங் கம்பி (நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) உங்கள் பாதைக்கு இணையாகத்தான் கிடக்கும். அதன் மேல் புரோப் வைத்தால் மோசமான கான்கிரீட்டும் நல்லதாகத் தெரியும். கவர் மீட்டரில் (உள்ளே கம்பி இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி) ரிங்கைக் குறித்துக்கொண்டு, இரண்டு ரிங்குக்கு நடுவில் வையுங்கள்.

புதுத்தளம்:
தேய்த்து, கிரீஸ் மாற்றி எடுத்தோம். நான்கு புள்ளி 73-க்கு வந்துவிட்டது. ஒரு மூலையில் இரண்டு மட்டும் 84-லேயே நிற்கிறது. 3.57 கி.மீ., அட்டவணைப்படி ‘நல்லது’. விட்டுவிடலாமா?

அலைவரிசை:
விடாதீர்கள். அட்டவணை எல்லாக் கான்கிரீட்டுக்கும் பொது. அதே கலவை ஒரு முழம் மேலே 4.2 தருகிறபோது இங்கே 15% குறைவது அந்த மூலையின் கோளாறுதான். (13311 பழையது, இப்போது ஐ.எஸ். 516, பகுதி 5, பிரிவு 1 பாருங்கள்.)

அங்கே 100 மி.மீ. கட்டம் போட்டு, 450 மி.மீ. குறுக்கேயும் எடுங்கள். இரண்டு திசையிலும் குறையும் புள்ளிகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கோளாறு. ஒரே முகத்தில் இரண்டு புரோபையும் வைத்து எடுக்கும் ரீடிங்கை இவற்றோடு ஒப்பிட வேண்டாம். அது எப்போதும் 5 முதல் 20% குறைத்தே காட்டும்.

கம்பிகட்டி:
இடம் தெரிந்ததும் உளியால் தட்டுங்கள். மேலோட்டம் என்றால் கெட்டியான கான்கிரீட் வரும்வரை கொத்தி, சுருங்காத கிரவுட் (ஓட்டையை அடைக்கும் நீர்த்த கலவை) நிரப்பலாம். உள்ளே போகிறது என்றால் நிப்பிள் (கிரவுட் ஏற்றும் சின்னக் குழாய்) பதித்து, கீழிருந்து மேலாக சிமெண்ட் கிரவுட் ஏற்றுங்கள். மேல் நிப்பிளில் ஒழுகினால்தான் கீழதை மூட வேண்டும். கொத்துமுன் முட்டுக் கொடுத்துவிடுங்கள். கிரவுட் இறுகியபின் அதே புள்ளிகளில் திரும்ப ரீடிங். பழைய குறிகளை அழித்துவிடாதீர்கள்.