‘ரன்’ என்றால் ஓடுவது மட்டும்தானா? உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு சட்டையின் துவைப்புக் குறிப்பைக் கொடுத்தார்கள். மொத்தமே ஆறு வரி. அதில் ஒன்று ‘கலர்ஸ் மே ரன்’. நானும் ‘நிறங்கள் ஓடக்கூடும்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். சரிபார்த்த அக்கா அந்த வரியைச் சிவப்பில் அடித்து, மேலே இரண்டே சொல் எழுதியிருந்தார்: சாயம் போகலாம். சின்ன வயதிலிருந்து வீட்டில் கேட்ட பேச்சுதானே, எழுத உட்கார்ந்தபோது ஏன் வரவில்லை என்று அன்றைக்கு முழுக்க அதே யோசனை. ரன் என்று பார்த்ததும் கை தானாக ‘ஓடு’ என்று எழுதிவிடுகிறது.

அதற்கப்புறம் இந்தச் சொல்லை எங்கே பார்த்தாலும் குறித்து வைக்க ஆரம்பித்தேன். மூக்கு ரன் ஆனால் ஒழுகுகிறது. பிரிண்டரில் மை ரன் அவுட் ஆனால் தீர்ந்துபோச்சு, ஆனால் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவருக்கு ஸ்டம்ப் தெறிப்பதுதான் முதலில் கண்ணில் வரும். தொழிலை ரன் பண்ணுவதை நாம் நடத்துவது என்கிறோம். அமெரிக்கர்கள் தேர்தலில் ரன் பண்ணுகிறார்கள், நாம் தேர்தலில் நிற்கிறோம் (பிரிட்டனிலும் ‘ஸ்டாண்ட்’தான்). வங்கி மூழ்கப்போகிறது என்று பேச்சு கிளம்பி, போட்ட பணத்தை எடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் போய்க் குவிவதற்கும் ரன் என்றே பெயர். அதற்கு மட்டும் எனக்கு இன்னும் ஒற்றைச் சொல் அகப்படவில்லை, ஒவ்வொரு முறையும் விளக்கித்தான் எழுதுகிறேன்.

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் அதிகப் பொருள் கொண்ட சொல்லாக இருந்தது ‘செட்’, 430 பொருள். பிற்பாடு திருத்தி எழுதும்போது ரன் அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்! அதைப் பிரித்து அடுக்க அகராதி ஆசிரியர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. இதைப் படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

மறுமொழி 1

நான் மருத்துவமனையில் நோயாளிகளுக்காக மொழிபெயர்த்துப் பேசுகிறவள். எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தார்கள், உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் நர்ஸ் அவருடைய மகனிடம் ‘எனி ரன்ஸ்?’ என்று கேட்டிருக்கிறார். அவரும் ‘இல்லை, முழங்கால் வலி, நடக்கவே சிரமம்’ என்று பதில் சொல்லியிருக்கிறார். நர்ஸும் ‘இல்லை’ என்பதை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். நான் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஐயா, வயிறு எப்படி இருக்கு, வெளிய எத்தனை தடவை போறீங்க?’ என்று கேட்டேன். ‘ரெண்டு நாளா நிக்கவே இல்லம்மா’ என்றார். கூச்சத்தில் மகனிடம்கூடச் சொல்லவில்லை. உடனே நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னேன், டிரிப் ஏற்றினார்கள். அதிலிருந்து, இப்படி ஒரு சொல் இடையில் வந்தால், ‘வயிற்றுப்போக்கைத்தான் கேட்கிறீர்களா?’ என்று நர்ஸிடமே திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் நோயாளியிடம் பேசுகிறேன். அரை நிமிடம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.

மறுமொழி 2

மருத்துவமனை அக்கா மேலே எழுதியதைப் படித்துவிட்டு நெஞ்சு கனத்துவிட்டது.

நம்ம ‘ஓடு’ம் லேசுப்பட்டதில்லை. தமிழ் கற்றுக்கொள்ளும் நண்பர் ஒருவர் ‘கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை’ என்பதைக் கேட்டுவிட்டு, கை எப்படி ஓடும் என்று கேட்டார். எனக்குச் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. படம் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, மனசுக்குள் என்னமோ ஓடுகிறது. அப்புறம் முட்டை ஓடு, கூரை ஓடு, ‘அவனோடு’ வரும் ஓடு. முட்டை ஓட்டுக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்றார். சம்பந்தமில்லை, அவை வேறு வேறு சொற்கள், உருவம்தான் ஒன்று என்று புரியவைக்க ஒரு மாலை முழுக்க ஆனது. படமும் கடிகாரமும் ஆங்கிலத்திலும் ரன்தான் ஆகின்றன என்று தெரிந்ததும் அவருக்கு அத்தனை சந்தோஷம், நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிக்கொண்டார். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று. பிரிகிற பக்கத்தில் முதல் வரி: ஆங்கிலத்தில் ஆறும் ரன், அதன் கரையில் இருக்கும் சாலையும் ரன். தமிழில் ஆறு ஓடுகிறது, சாலை போகிறது.