ரஷ்யாவுல ரயோன்னா மாவட்டமா தாலுகாவா? கார்கோபல் பத்தி எழுதப் போய் மாட்டிக்கிட்டேன்

நூல்கண்டு:
கார்கோபல் ரயோன் பத்தி தமிழ்ல சின்னதா ஒரு கட்டுரை எழுதலாம்னு உக்காந்தேன், ஒரு மணி நேர வேலைன்னு நெனச்சது மூணு நாளா இழுக்குது. ஊர் எங்க இருக்குன்னு புரிஞ்சிடுச்சு, ஆர்க்காங்கெல்ஸ்க் ஒப்லாஸ்தோட (நம்ம மாநிலம் மாதிரி பெரிய பிரிவு, அதுக்குள்ளதான் ரயோன்) தென்மேற்கு மூலை, மேற்கால கரேலியா, தெற்கால வோலக்தா ஒப்லாஸ்த், பரப்பு பத்தாயிரம் சதுர கி.மீ சொச்சம். ஆனா ஒரு பக்கத்துல கார்கோபல்ஸ்கி ரயோன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல அதே எல்லை அதே ஊர் ஆனா முனிசிபல் ஓக்ருக்னு இருக்கு, கொஞ்சம் பழைய பேப்பர்ல முனிசிபல் ரயோன். உள்ள போனா செல்சோவியத்னு (சோவியத் காலத்து கிராம சபைப் பகுதி) ஒரு லிஸ்ட், கிராமக் குடியிருப்புன்னு வேற லிஸ்ட், ரெண்டும் ஒத்து வரல. குறியீட்டு எண்ணும் ரெண்டு ரெண்டா இருக்கு. எதை எடுக்குறது? ரயோனை மாவட்டம்னு எழுதினா அப்புறம் ஒப்லாஸ்தை என்னன்னு எழுதுவேன்?

பழைய மேப்பு:
நீங்க குழம்பல சார், அங்க நெஜமாவே ரெண்டு மேப்பை ஒண்ணு மேல ஒண்ணு வச்சிருக்காங்க. ஒண்ணு நிர்வாகப் பிரிவு, இது சோவியத் காலத்துல இருந்து வர்றது. ஜார் காலத்துல குபேர்னியா, அதுக்குள்ள உயேஸ்த், அதுக்குள்ள வோலஸ்த்னு இருந்துச்சு, 1920கள்ல அதையெல்லாம் கலைச்சிட்டு ரயோன் கொண்டு வந்தாங்க. கார்கோபல் ரயோன் 1929ல வந்தது, ஆர்க்காங்கெல்ஸ்க் ஒப்லாஸ்தே 1937லதான் வந்தது, அதாவது பிள்ளைக்கு அப்பாவை விட வயசு ஜாஸ்தி. செல்சோவியத் இந்த மேப்புலதான் வரும்.

ரெண்டாவது உள்ளாட்சி மேப்பு. 2003ல 131ஆம் எண் கூட்டாட்சி சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, 2006ல இருந்து நடைமுறை, அதுலதான் முனிசிபல் ரயோனும் அதுக்குக் கீழ கிராமக் குடியிருப்பும் வந்துச்சு. தெருவிளக்கு, சுடுகாடு மாதிரி சமாச்சாரம் கீழ்மட்டத்துக்கு, பள்ளிக்கூடமும் ஊருக்கு ஊர் போற ரோடும் ரயோனுக்கு. ஆனா வரி வருமானம் பெருசா கீழ வராததால கிராமக் குடியிருப்புத் தலைவருக்குப் பொறுப்பு மட்டும் இருந்துச்சு, கையில காசு இல்ல, எந்தச் சின்ன வேலைக்கும் மேல கையேந்திக்கிட்டுதான் நிக்கணும். 2019ல சட்டத்தைத் திருத்தி முனிசிபல் ஓக்ருக்னு புதுசா ஒரு வகை சேத்தாங்க, கீழ்மட்டத்தை எடுத்துட்டு மொத்த ரயோனுக்கும் ஒரே சபை, ஒரே பட்ஜெட். கார்கோபல் 2020லயே அதுக்குள்ள போயிடுச்சு. அதனால உங்க லிஸ்ட் எதுவும் தப்பில்ல, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வருஷத்து, ஒவ்வொரு மேப்பு.

எண் விஷயம் ஈஸி. நிர்வாக மேப்போட குறியீட்டுக்கு ஒகாத்தோன்னு பேரு, உள்ளாட்சி மேப்போடதுக்கு ஒக்த்மோ. ஆர்க்காங்கெல்ஸ்க்னா ரெண்டும் 11ல ஆரம்பிக்கும், மூணாவது இலக்கத்தைப் பாருங்க, ஒகாத்தோவுல ரயோனுக்கு 2, ஒக்த்மோவுல முனிசிபல் ரயோனுக்கு 6, ஓக்ருக் ஆயிட்டா 5. வரி கட்டுற சலான்ல 2014ல இருந்து ஒக்த்மோதான் போடணும்.

வெள்ளைராத்திரி:
நான் ஆர்க்காங்கெல்ஸ்க்ல மெடிசின் படிச்சவன், ஒரு லீவுக்கு கார்கோபல் போயிருக்கேன். அந்த ஊர்ல ரயில் கிடையாது, நியாந்தமா ஸ்டேஷன்ல இறங்கி ஒரு எண்பது கி.மீ பஸ்ல போகணும், ரெண்டு பக்கமும் காடு காடு காடு, தூங்கி எந்திரிச்சுப் பாத்தாலும் அதே காடுதான். அப்புறம் திடீர்னு வெட்டவெளி, வயக்காடு, தூரத்துல வெள்ளை சுண்ணாம்புக்கல்லுல சர்ச்சு. பெரிய கதீட்ரல் 1562ல கட்டினது. லாச்சா ஏரியில இருந்து ஒனேகா ஆறு பொறப்படுற இடத்துக்குப் பக்கத்துலயே ஊர், அந்த ஆறு அப்படியே வடக்கால போய் வெள்ளைக் கடல்ல விழுது. நீங்க நிலவியல் எழுதுறப்ப இதுல இருந்து ஆரம்பிங்க, செல்சோவியத் எத்தனைன்னு யாரு படிக்கப் போறா.

இன்னொண்ணு, ஓஷெவென்ஸ்க்னு ஒரு ஊருக்குப் போகணும்னு சொன்னேன், பஸ்ல பக்கத்துல இருந்த பாட்டி "எந்த ஓஷெவென்ஸ்க்?"னு கேட்டாங்க. அது ஒரு ஊரே இல்ல, ஷிரியாயிஹா, போகோஸ்த்னு நாலஞ்சு தெரெவ்னியா (சின்ன கிராமம்) பக்கம் பக்கமா கொத்தா இருக்கு, அந்தக் கொத்துக்குத்தான் அந்தப் பேரு. வடக்குல பல இடத்துல இப்படித்தான். செலோன்னு இன்னொரு வகை கிராமமும் உண்டு, அந்தக் காலத்துல வித்தியாசம் சர்ச்சுதான், செலோவுல இருக்கும், தெரெவ்னியாவுல இருக்காது, ரெண்டையும் கிராமம்னு எழுதிட்டா அது போயிடும், பாத்துக்கங்க.

நூல்கண்டு:
அடேங்கப்பா, ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். வருஷம் போட்டுத்தான் எழுதணும்னு புரியுது. சரி பேரு? மாவட்டமா என்ன?

எழுத்தாணி:
என்னைக் கேட்டா ரயோனை ரயோன்னே விட்டுடுங்க, முதல் வாட்டி வரும்போது ஒரு வரி விளக்கம் போதும். மாவட்டம்னதும் நம்மாளு மனசுல கலெக்டர் வந்து உக்காந்துடுவார், அங்க அப்படி மேல இருந்து வர்ற ஐஏஎஸ் ஆளு கிடையாது. அதுவும் அளவு ஒரே மாதிரியா இருக்கு? க்ராஸ்னயார்ஸ்க் க்ராய்ல (க்ராய்னா ஒப்லாஸ்த் மாதிரியே ஒரு பிரிவு) தய்மீர் ரயோன் கிட்டத்தட்ட 8,80,000 சதுர கி.மீ, அதையும் இதையும் ஒரே சொல்லால எப்படிக் கூப்பிடுறது. யகுத்தியாவுல இதே மட்டத்துக்கு உலூஸ்னு பேரு, துவாவுல கொழூன். ஸ்கி விகுதியை மட்டும் கவனிங்க, ஊரு கார்கோபல், ரயோன் கார்கோபல்ஸ்கி, அது பெயரடை. நிகோல்ஸ்கி ரயோன்னு வோலக்தாவுல ஒண்ணு பென்சாவுல ஒண்ணு இருக்கு, ஒப்லாஸ்த் பேரு சேக்காம எழுதினா மாட்டுவீங்க.

பழைய மேப்பு:
நேத்து எழுத விட்டுப் போச்சு, 2025 மார்ச்ல புது உள்ளாட்சிச் சட்டம் கையெழுத்தாச்சு, 33ஆம் எண். நாடு முழுக்க கீழ்மட்டத்தை எடுத்துடலாம்னுதான் மசோதா வந்தது, பல குடியரசுகள் எதிர்த்ததால வேணும்னா ரெண்டு மட்டத்தையும் வச்சுக்கலாம்னு பிராந்தியங்கள்கிட்ட விட்டுட்டாங்க. அதனால தத்தர்ஸ்தான் மாதிரி குடியரசு பத்தி எழுதும்போது கார்கோபல் மாதிரியே இருக்கும்னு நெனச்சிடாதீங்க.

நூல்கண்டு:
கடைசியா ஒண்ணு. ஊர் லிஸ்ட்ல நிறைய தெரெவ்னியாவுக்கு மக்கள்தொகை 0ன்னு இருக்கு. டேட்டா தப்பா?

வெள்ளைராத்திரி:
தப்பில்ல. ஆள் இல்லன்னாலும் ஊரை லிஸ்ட்ல இருந்து எடுக்க ஒப்லாஸ்த் சட்டமே போடணும், யாரும் மெனக்கெடுறதில்ல. நிரந்தரமா எங்க குடியிருக்காங்களோ அங்கதான் கணக்குல எண்ணுவாங்க, 2002, 2010, 2021 மூணு வாட்டியும் எடுத்ததும் அக்டோபர்லதான். ஜூலைல போனா அதே "0" ஊர்ல அஞ்சாறு வீட்டுல புகை வரும், உருளைக்கிழங்கு போட்டிருப்பாங்க, பான்யாவுக்கு (நீராவிக் குளியல் அறை) விறகு அடுக்கியிருக்கும். செப்டம்பர்ல கிழங்கைத் தோண்டி மூட்டை கட்டிக்கிட்டு, ஜன்னலுக்குப் பலகை அடிச்சிட்டு டவுனுக்குப் போயிடுவாங்க.