முதுகைப் பிடித்துக்கொண்டு ஆடிய சச்சின்: சேப்பாக்கத்தில் நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கத்தில் பாகிஸ்தான் டெஸ்டின் நான்காம் நாள். நான் அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பட்டாபிராமன் கேட் வரிசையில் விடிவதற்கு முன்பே போய் நின்று, நண்பர்கள் மூன்று பேராக உள்ளே போனோம். அன்று பார்த்ததை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், எழுதியது மட்டும் இல்லை.

இந்தியாவுக்கு இலக்கு 271. முந்தின நாள் மாலையே வக்கார் யூனிஸ் இரண்டு விக்கெட் எடுத்துவிட்டார். அதில் ஒருவர் அந்த டெஸ்டில்தான் அறிமுகமான நம்ம ஊர் சடகோபன் ரமேஷ். சச்சின் முதல் இன்னிங்ஸில் சக்லைன் முஷ்டாக்கை இறங்கி அடிக்கப் போய் மூன்றாவது பந்திலேயே பூஜ்யத்துக்கு அவுட். அதனால் காலையில் அவர் ஆட வந்தபோது கைதட்டலோடு ஒரு பயமும் இருந்தது. பயந்தபடியே டிராவிட், அசாருதீன், கங்குலி என்று வரிசையாகப் போனார்கள். 82 ரன்னுக்கு 5 விக்கெட். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் டிபன் டப்பாவை மூடிக் கைப்பையில் வைத்துவிட்டார். கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன். கிளம்பவில்லை.

அப்புறம் நயன் மோங்கியா வந்து நின்றார். காய்ச்சலோடு ஆடினார் என்று பிறகுதான் தெரிந்தது. அவரும் சச்சினும் சேர்ந்து 136 ரன். மெதுவாகத்தான் வந்தது, ஒவ்வொரு ரன்னுக்கும் ஸ்டாண்டே மூச்சு விட்டது.

சச்சினுக்கு முதுகில் ஏதோ ஆகிவிட்டது என்பதை நான் கவனித்தது தேநீர் இடைவேளை நெருங்கும்போதுதான். ஒரு பந்து முடிந்ததும் ஸ்கொயர் லெக் பக்கம் நாலடி நடப்பது அவர் வழக்கம். அன்று நடக்கவில்லை. மட்டையை ஊன்றிக் குனிந்தபடியே நின்றார். பிறகு குந்தி உட்கார்ந்தார். எழுந்திருக்கும்போது இடது கை இடுப்புக்குப் பின்னால் போனது. பக்கத்தில் ஒருவரின் டிரான்சிஸ்டரில் தமிழ் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. முதுகுவலி என்று அதில் சொன்னதும் எங்கள் வரிசை முழுக்க அந்தச் செய்தி காதோடு காதாகப் போனது.

நான் இங்கே எழுத வந்ததே இதற்கு அப்புறம் நடந்ததைத்தான். ‘வலியை மறந்து ஆடினார்’ என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தது அது இல்லை. அவர் வலியைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஆடினார். குனிய முடியாதபோது ஆட்டம் மாறுகிறது. தாழ்ந்து வரும் பந்துக்கு முட்டியை மடக்கினார், முதுகை மடக்கவில்லை. ஒன்று இரண்டு என்று ஓடுவது ஒவ்வொன்றும் வேதனை என்பதால் பவுண்டரியைத் தேட ஆரம்பித்தார். இந்த முதுகோடு அதிக நேரம் நிற்க முடியாது, சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்று நினைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அப்போதே அது புரிந்தது. அவர் ஆடிய ஒவ்வொரு ஷாட்டிலும் ஒரு அவசரமும் ஒரு கணக்கும் சேர்ந்தே இருந்தன.

மோங்கியா 52-ல் தூக்கி அடித்து அவுட். சச்சின் ஆடிக்கொண்டே இருந்தார். 273 பந்து, 405 நிமிடம், 136 ரன். இன்னும் 17 ரன்தான். சக்லைன் போட்ட தூஸ்ராவை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும் பந்தை, மிட் ஆஃபுக்கு மேலே தூக்கினார். பந்து மட்டையின் வெளிப்பக்கம் பட்டு நேராக மேலே போனது. வாசிம் அக்ரம் பின்னோக்கி ஓடிப் பிடித்தார். அந்த நேரத்து மௌனத்தை எனக்கு விவரிக்கத் தெரியவில்லை. காக்கை கத்தியது கேட்டது.

மிச்ச மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் போய்விட்டன. 258 ஆல் அவுட், 12 ரன்னில் தோல்வி. ஆட்ட நாயகன் விருது சச்சினுக்கு. வாங்க அவர் வெளியே வரவில்லை, உள்ளே அழுதுகொண்டிருந்தார் என்று மறுநாள் படித்தோம். பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்த ஸ்டாண்டும் எழுந்து கைதட்டியதை உலகமே பேசியது. நானும் தட்டினேன். முன்வரிசைப் பெரியவரும் நின்று தட்டினார், கண்ணைத் துடைக்காமலே.

இதுபோல் அடிபட்ட உடம்போடு ஒரு ஆட்டக்காரர் ஆடியதைப் பார்த்தவர்கள், முடிந்தால் நேரில் பார்த்தவர்கள், எழுதுங்கள்.

மறுமொழி 1

தம்பி, அதே சேப்பாக்கத்தில் அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்னால் இன்னொன்று நடந்தது. 1986 செப்டம்பர், ஆஸ்திரேலியா டெஸ்ட். கடைசியில் இரண்டு அணியின் ரன்னும் சமமாகி டை ஆன மேட்ச் என்றுதான் எல்லோரும் அதை நினைவு வைத்திருக்கிறார்கள். எனக்கு அது டீன் ஜோன்ஸ் மேட்ச்.

இரண்டாம் நாள் என் அண்ணனோடு போயிருந்தேன். செப்டம்பர் வெயிலும் கடற்கரைப் புழுக்கமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று மெட்ராஸ்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜோன்ஸ் மெல்போர்னிலிருந்து வந்தவர், அதுதான் அவருக்கு மூன்றாவது டெஸ்ட். நூறு தாண்டியதிலிருந்து ஆடுகளத்துக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தார். எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்துக்கு நிற்பார். கால் இழுத்துக்கொண்டு ஓட முடியாமல் போனபோது நின்ற இடத்திலிருந்தே அடித்தார். முடியவில்லை என்று கேப்டன் ஆலன் பார்டரிடம் சொன்னதற்கு, அப்படியானால் ஒரு உறுதியான குயின்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று பார்டர் பதில் சொன்ன கதை பிரபலம். 503 நிமிடம் நின்று 210 எடுத்தார். அவுட் ஆனதும் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள்.

அடிபட்ட காயம் இல்லைதான். ஆனாலும் நீங்கள் சொன்ன அந்தக் கணக்கு இங்கேயும் இருந்தது. ஓட முடியாதவன் அடிக்கிறான். அவர் 2020-ல் மும்பையில் இறந்த செய்தி வந்த அன்று என் அண்ணனுக்குத்தான் முதலில் போன் செய்தேன். இரண்டு பேருமே வாந்தி எடுத்ததைப் பற்றித்தான் பேசினோம், இரட்டைச் சதத்தைப் பற்றி இல்லை.

மறுமொழி 2

நான் நேரில் பார்க்கவில்லை. 2002 மே மாதம், ஆன்டிகுவா டெஸ்ட், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு டிவியில் பார்த்தேன். வெஸ்ட் இண்டீஸின் மெர்வின் டில்லன் போட்ட பவுன்சர் அனில் கும்ப்ளேயின் தாடையில் பட்டது. ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கொஞ்ச நேரம் ஆடவும் செய்தார். தாடை எலும்பு உடைந்திருக்கிறது, பெங்களூர் போய் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அதோடு அவர் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தலையிலிருந்து தாடை வரை சுற்றிய வெள்ளைக் கட்டோடு அவர் பந்து போட வந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தொடர்ந்து 14 ஓவர். லாராவை எல்பிடபிள்யூ ஆக்கினார். அப்பீல் செய்யக்கூட வாயைத் திறக்க முடியாத ஆள்! மறுநாள் விமானம் ஏறும்போது, என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்கிற மாதிரி சொன்னார். அந்த டெஸ்ட் டிரா ஆனது. விக்கெட் கீப்பர் உட்பட இந்தியாவின் பதினொரு பேரும் பந்து போட்ட டெஸ்ட் அது. மற்றதெல்லாம் மறந்துவிட்டது, அந்த வெள்ளைக் கட்டு மறக்கவில்லை.

மறுமொழி 3

எல்லோரும் நெகிழ்ந்து எழுதுகிறீர்கள், எனக்கும் அந்த நெகிழ்ச்சி உண்டு. ஆனால் லீக் கிரிக்கெட்டில் எட்டு வருஷம் விக்கெட் கீப்பராக நின்றவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு மேட்சில் வலது கை மோதிர விரல் நுனியில் பந்து குத்தியது. கிளவுஸைக் கழற்றினால் வீங்கிவிடும், திரும்பப் போட முடியாது என்று கழற்றாமலே இருபது ஓவருக்கு மேல் நின்றேன். அதற்கு முந்தின வாரம்தான் அணியில் இடம் உறுதியாகியிருந்தது, போய்விடுமோ என்ற பயம். பயிற்சியாளர் முதுகில் தட்டிக்கொடுத்தார். எக்ஸ்ரே எடுக்க நான்கு நாள் கழித்துத்தான் போனேன். மூட்டோடு சேர்ந்த எலும்பு முறிவு. அன்றே போயிருந்தால் நேராகப் பொருத்தியிருக்கலாம் என்றார் டாக்டர். இன்று வரை அந்த விரல் முழுசாக மடங்காது. சட்டைப் பொத்தான் போடும்போது தெரியும்.

சச்சினும் கும்ப்ளேயும் தங்களுக்கு என்ன ஆகியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு ஆடினார்கள். பக்கத்தில் மருத்துவ ஆட்கள் இருந்தார்கள். எனக்கு என்ன ஆகியிருக்கிறது என்றே தெரியாது. அது தைரியம் இல்லை. என் பையன் வயதில் ஆடுகிறவர்கள் இதைப் படித்தால் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

தலையில் அடிபட்டால் பேச்சுக்கே இடமில்லை. 2014 நவம்பரில் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பவுன்சர் பட்டு இறந்தார். அதற்குப் பிறகுதான் ஹெல்மெட்டில் கழுத்துக் காப்பு பரவலானது. 2019 ஆகஸ்டிலிருந்து, டெஸ்டில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால் மாற்று ஆட்டக்காரரை இறக்கலாம். அந்த மாதமே லார்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதில் லபுஷேன் ஆடினார். கும்ப்ளேக்கு இன்று அந்த அடி பட்டிருந்தால் முதலில் மூளை அதிர்ச்சி இருக்கிறதா என்று சோதித்திருப்பார்கள். அப்படிச் செய்வதுதான் சரி.

மறுமொழி 4

அண்ணா, உங்கள் விரலைப் பற்றிப் படித்ததும் ஷேன் வாட்சன் நினைவு வந்தது. 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம். சென்னையில் நடக்க வேண்டியது ஹைதராபாத்துக்குப் போய்விட்டது, அந்த வருத்தம் வேறு. மும்பை 149. எங்கள் சென்னை அணிக்கு ஆடிய வாட்சன் 59 பந்தில் 80 அடித்து, கடைசி ஓவரில் ரன் அவுட். ஒரு ரன்னில் தோற்றோம்.

அன்றைக்கு எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது, ஏன் அந்த இரண்டாவது ரன்னுக்கு ஓடினார் என்று. மறுநாள் ஹர்பஜன் சிங் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டார். மஞ்சள் பேன்ட்டில் இடது முட்டிக்கு மேல் சிவப்பாக ஊறியிருந்தது. டைவ் அடித்தபோது கிழிந்திருக்கிறது, யாரிடமும் சொல்லாமல் ஆடியிருக்கிறார், மேட்ச் முடிந்து ஆறு தையல். நான் மேட்ச் முழுவதும் பார்த்தேன், ஒரு தடவைகூட அந்த ரத்தம் என் கண்ணில் படவில்லை. முந்தின நாள் ராத்திரி நான் பேசியதற்கெல்லாம் அந்தப் படத்தைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

மறுமொழி 5 (தொடக்கப் பதிவை எழுதியவர்)

எல்லோருக்கும் நன்றி. கீப்பர் சார் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அது என் பதிவிலேயே இருந்திருக்க வேண்டும்.

அவர் சொன்ன ‘தெரிந்து ஆடுவது’ என்பதற்கு நான் பார்த்ததில் மிகத் தெளிவான உதாரணம் ஹனுமா விஹாரி. 2021 ஜனவரி, சிட்னியில் ஆஸ்திரேலியா டெஸ்டின் கடைசி நாள். தொடைத் தசை கிழிந்து ஓட முடியவில்லை. எதிர்முனையில் அஸ்வினுக்கு முதுகுவலி. குனிந்து ஷூ லேஸ் கட்டக்கூட அவரால் முடியவில்லை என்று அவருடைய மனைவி எழுதியிருந்தார். ஒருவரால் ஓட முடியாது, இன்னொருவரால் குனிய முடியாது. அதனால் ரன் வேண்டாம் என்று முடிவு செய்து, ஸ்டம்ப் மைக்கில் தமிழ் கேட்கக் கேட்க, பத்துப் பத்துப் பந்தாக நாளை ஓட்டினார்கள். விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39, இருவரும் அவுட் இல்லை. டிரா. உள்ளே கட்டை விரல் மூட்டு விலகிய ஜடேஜா பேடு கட்டிக் காத்திருந்தார்.

2023-ல் இந்தூரில் ரஞ்சி காலிறுதியில் விஹாரிக்கு இடது மணிக்கட்டு உடைந்தது. வலது கை ஆட்டக்காரர் நின்றால் இடது கைதான் பந்துக்கு முன்னால் இருக்கும். அதனால் இடது கை ஆட்டக்காரர் மாதிரி திரும்பி நின்று, வலது கை ஒன்றாலேயே மட்டையைப் பிடித்து ஆடினார். உடைந்த கை பின்னால் மறைந்துகொண்டது. பவுண்டரியும் அடித்தார். ஆந்திரா அந்த மேட்சில் தோற்றது. அந்த வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் முட்டியை மடக்கி ஆடிய சச்சின்தான் கண்ணுக்குள் வருகிறார்.

ஒன்று கேட்க வேண்டும். 2011 மார்ச் 20, உலகக் கோப்பை, சேப்பாக்கத்தில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக யுவராஜ் சிங் 113 அடித்தார். நடுவில் ஆடுகளத்தில் வாந்தி எடுத்தார். வெயில்தான் காரணம் என்று அன்று எல்லோரும் நினைத்தோம். நெஞ்சுக்குள் புற்றுநோய்க் கட்டி இருந்தது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எனக்கு அன்று டிக்கெட் கிடைக்கவில்லை, டிவியில்தான் பார்த்தேன். ஸ்டாண்டிலிருந்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அவர் குனிந்து நின்ற அந்த நேரத்தில் உங்கள் பக்கம் சத்தம் எப்படி இருந்தது?