நாஷ் தீர்வில் அந்த 5 எங்கே போனது?

கணக்குப்பிள்ளை:
"பேரத்துக்கு நாஷ் தீர்வு ஒன்றுதான் நியாயம், மற்றதெல்லாம் ஒட்டுவேலை" என்று சேது எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. இரண்டு பேர். ஒத்துப்போனால் (0,100), (75,75), (100,0) (முதல் எண் முதலாமவர் பயன், அடுத்தது இரண்டாமவர் பயன்) இவற்றில் ஒன்றையோ கலவையையோ எடுக்கலாம், முறிந்தால் இருவருக்கும் பூச்சியம். இருவர் பயனையும் பெருக்கினால் எது பெரிதோ அதுவே கணித மேதை ஜான் நாஷ் சொன்ன தீர்வு, அதாவது 75-75. சரி, இப்போது (100,70) என்றொரு வாய்ப்பும் சேர்கிறது. பழையது எதுவும் போகவில்லை. ஆனால் 75×75=5625-ஐவிட 100×70=7000 பெரிது என்று இரண்டாமவர் 70-க்கு இறக்கப்படுகிறார். அந்த 5 எங்கே போனது?

சேது:
மொத்தம் 150 இருந்தது 170 ஆனது கண்ணில் படவில்லையா?

கணக்குப்பிள்ளை:
கூட்டாதீர்கள் சார்! ஒருவரின் பயனை அளக்கும் அளவுகோலை மாற்றினாலும் தீர்வு மாறக்கூடாது என்பது நாஷ் 1950-இல் வைத்த நிபந்தனை, அப்புறம் 170 என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம்? 75 ஏன் 70 ஆனது, அதைச் சொல்லுங்கள்.

மாலதி:
இந்தக் கணக்கு கலாய், ஸ்மோரோடின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1975-இல் காட்டியது. அவர்கள் பெயரைச் சொல்லாமல் உங்கள் சரக்குபோல வைப்பது சரியில்லை.

கணக்குப்பிள்ளை:
என்னுடையது என்று எங்கே சொன்னேன்? அவரவருக்கு அதிகபட்சம் கிடைக்கக்கூடிய உச்சத்துக்கு ஏற்ற விகிதத்தில் பிரிக்கச் சொன்னார்கள் அவர்கள். இங்கே இருவருக்கும் உச்சம் 100, (0,100)-ஐயும் (100,70)-ஐயும் கலந்தால் ஆளுக்கு ஏறக்குறைய 77 வரும். யாருக்கும் குறையவில்லை.

சேது:
அந்த 77-77-இலிருந்து 100-70-க்குப் போனால் ஒருவருக்கு நூற்றுக்கு 30 ஏற்றம், மற்றவருக்கு நூற்றுக்கு 9 இறக்கம். பேரத்தில் யார் இறங்கி வருவார்? நாஷ் நோபல் வாங்கியவர், உங்களைவிட யோசித்திருப்பார்.

மாலதி:
1994 நோபல் கூட்டுறவில்லா ஆட்டங்களின், அதாவது ஒப்பந்தம் போடாமல் அவரவர் தனித்து முடிவெடுக்கும் ஆட்டங்களின், சமநிலைக்குத்தான் சேது, பேரத் தீர்வுக்கு இல்லை.

சேது:
சதுரங்க இழையிலும் இப்படித்தான் நடுவில் புகுந்து பேச்சைத் திருப்பினீர்கள், மறக்கவில்லை. தேர்ந்தெடுக்காத வாய்ப்பை நீக்கினால் தீர்வு மாறக்கூடாது என்கிறது நாஷ் விதி. கலாய் தீர்வில் அது உடைகிறதே, அதற்குப் பதில்?

கணக்குப்பிள்ளை:
உடையட்டும். அந்த விதியைப் பிடித்துத் தொங்குவதால்தான் இரண்டாமவர் 5 இழக்கிறார். நாலாவது முறையாகக் கேட்கிறேன், வாய்ப்பு கூடிய பிறகு ஒருவர் ஏன் குறைவாக வாங்க வேண்டும்?

சேது:
சதவீதத்தில் சொல்லிவிட்டேன், மேலே போய்ப் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை:
படித்தேன். 75, பிறகு 70. அப்படியேதான் இருக்கிறது.