இரண்டு கட்டுப்பாட்டு கார்டுகளும் மாறி மாறிப் பழுது காட்டுகின்றன: உண்மையான பழுதை எப்படிப் பிரித்தறிவது?

கேள்வி (எண்ணூர்)

வணக்கம். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் உள் தொலைபேசி இணைப்பகத்தைப் பராமரித்து வருகிறேன். அதில் இணைப்பகத்தை இயக்கும் கட்டுப்பாட்டு கார்டுகள் இரண்டு (எண் 0, எண் 1) உள்ளன. 0 ஆக்டிவாக இயங்கும்போது 1 ஸ்டாண்ட்பையில் (மாற்றாகத் தயார் நிலையில்) இருக்கும். சில வாரங்களாக, பெரும்பாலும் விடியற்காலையில், 0 பழுது என்று அலாரம் வந்து கட்டுப்பாடு 1-க்கு மாறிவிடுகிறது. கையிருப்பில் இருந்த புதிய கார்டை 0-இல் பொருத்தினோம். சில நாள்களில் அதே அலாரம் 1-இன் பெயரில் வந்தது. இரண்டையும் மாற்றிவிடுங்கள் என்கிறார் சர்வீஸ் பொறியாளர். தீயணைப்பு அறையும் முதலுதவி அறையும் இந்த இணைப்பகத்தையே நம்பியிருப்பதால் இதை நிறுத்தி வைத்துச் சோதிக்க இயலாது. இரண்டு கார்டுகளும் ஒரே சமயத்தில் கெட்டிருக்குமா?

பதில் 1 (தண்டையார்பேட்டை)

முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். 24 செல் பேட்டரி என்றால், ஃப்ளோட் நிலையில் (முழுதும் ஏறிய பேட்டரியை அப்படியே வைத்திருக்கும் நிலையில்) செல்லுக்கு 2.25 வோல்ட் வீதம் ஏறத்தாழ 54 வோல்ட் வர வேண்டும். ரெக்டிஃபையரில் (ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் கருவியில்) அளந்தால் போதாது. ரேக்கின் (கார்டுகளைத் தாங்கும் சட்டத்தின்) பின்புறம், கார்டுகளுக்கு மின்சாரம் நுழையும் இடத்திலேயே அளக்க வேண்டும். அங்கே மட்டும் குறைந்தால் இடைப்பட்ட ஃப்யூஸ் அல்லது முனை இணைப்பு தளர்ந்திருக்கலாம்.

பதில் 2 (ராயபுரம், ஓய்வு பெற்ற இணைப்பகப் பொறியாளர்)

இரண்டும் ஒரே சமயத்தில் கெடுவது அரிது. பழுது முதலில் 0-இன் பெயரிலும் பிறகு 1-இன் பெயரிலும் வருகிறது என்பதே, அது இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது என்பதற்கு வலுவான தடயம். ஒரே குழாயில் பிடித்த இரண்டு குடங்களிலும் தண்ணீர் கலங்கலாக இருந்தால், குடத்தை மாற்றிப் பயனில்லை அல்லவா?

1965-இல் நியூ ஜெர்சியின் சக்காசன்னாவில் இயங்கத் தொடங்கிய 1 ஈ.எஸ்.எஸ். என்ற மின்னணு தொலைபேசி இணைப்பகம், 40 ஆண்டுகளில் மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்ற இலக்கோடு வடிவமைக்கப்பட்டது. அதில் இரண்டு செயலிகளும் ஒரே வேலையைச் சேர்ந்தே செய்யும். விடைகளை ஒரு சுற்று ஒப்பிடும். ஆனால் விடைகள் வேறுபடுகின்றன என்பதை மட்டுமே ஒப்பீடு சொல்லும். தவறு எந்தப் பக்கம் என்பதைத் தனிச் சோதனைதான் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையின் முடிவை வைத்துக் கெட்ட கார்டைக் கண்டுபிடிக்க ஓர் அகராதியையும் தயாரித்திருந்தார்கள். அதுவும் ஒரு நேரத்தில் ஒரே பழுது என்ற அனுமானத்தில் அமைந்தது. ஆகவே அலாரத்தில் அச்சாகும் கார்டு எண்ணைச் சந்தேகத்துக்குரிய பெயராகக் கொள்ளுங்கள், தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

உங்கள் இணைப்பகத்தில் இரண்டு கட்டுப்பாட்டு கார்டுகளும் லைன் கார்டுகளோடு (தொலைபேசிகளை இணைக்கும் கார்டுகளோடு) பேசுவது பேக்பிளேனில் (கார்டுகள் செருகப்படும் பின்பலகையில்) உள்ள பொதுத் தடத்தின் வழியாகத்தான் இருக்கும். ஒரே ஒரு லைன் கார்டு அந்தத் தடத்தை இழுத்துப் பிடித்து முடக்கினாலும், அப்போது ஆக்டிவாக இருப்பது எதுவோ அதன் மேல் பழி விழும். அலாரப் பதிவேட்டை எடுத்து, ஒவ்வொரு முறையும் எந்த ஷெல்ஃபின் (ரேக்கில் உள்ள கார்டு அடுக்கின்) எக்ஸ்டென்ஷன்கள் டயல் டோன் இழந்தன என்று பாருங்கள். பிறகு அவசர எண்களை எம்.டி.எஃப்.-இல் (வெளிக்கம்பிகள் இணைப்பகத்தோடு சேரும் சட்டத்தில்) வேறு ஷெல்ஃபுக்கு மாற்றிவிட்டு, சந்தேக ஷெல்ஃபின் லைன் கார்டுகளில் பாதியைச் சேவையிலிருந்து விலக்கிக் கழற்றி வையுங்கள். அலாரம் நின்றால் பழுது கழற்றிய பாதியில். தொடர்ந்தால் மீதிப் பாதியில். இப்படியே பாதி பாதியாகக் குறைத்து வந்து, ஒரு கார்டு மிஞ்சியதும் அதை வேறு ஸ்லாட்டில் (கார்டு செருகும் இடத்தில்) பொருத்துங்கள். பழுது கார்டோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே தங்குகிறதா என்பதுதான் தீர்மானிக்கும் கேள்வி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும்; ஸ்டாண்ட்பை நலமாக இருப்பதை உறுதி செய்யாமல் எதையும் தொடக் கூடாது. விடியற்காலை என்பதால் ஈரத்தையும் கருத்தில் கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் கடற்காற்றின் உப்பு பனி ஈரத்தோடு சேர்ந்தால் மின்கசிவு ஏற்படும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. ரேக்கில் மின்னழுத்தம் சரியாகவே இருந்தது. எல்லா அலாரங்களும் மூன்றாவது ஷெல்ஃபைச் சார்ந்தே வந்திருந்தன. பாதி பாதியாகக் கழற்றியதில் ஒரு கார்டு மிஞ்சியது. அதை வேறு ஸ்லாட்டில் வைத்தபோது அது ஒழுங்காக இயங்கியது, அதன் பழைய ஸ்லாட்டில் வைத்த நல்ல கார்டோ அலாரத்தைக் கொண்டுவந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பேக்பிளேன் கனெக்டரின் கீழ் முனைகளில் பச்சை படிந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

பதில் 2 (ராயபுரம்)

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். முனைகளின் தங்கப் பூச்சு போய்விட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். அந்த ஸ்லாட்டைக் காலியாக விட்டு, அதன் எண்களை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஷெல்ஃபின் மின்சாரத்தை நிறுத்த அனுமதி கிடைக்கும் நாளில், ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த, நூல் பிரியாத துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். பச்சை உள்வரை ஏறியிருந்தால் கனெக்டரையே மாற்ற வேண்டும். கழற்றிய பழைய 0 கார்டைத் தூக்கி எறிய வேண்டாம், அது பெரும்பாலும் நல்ல கார்டுதான். இறுதியாக, அழைப்புகள் குறைந்த நேரத்தில் கட்டுப்பாட்டை 0-இலிருந்து 1-க்கும், 1-இலிருந்து 0-க்கும் நீங்களே மாற்றி, இரண்டிலும் எல்லா ஷெல்ஃபிலும் டயல் டோன் வருகிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதி வையுங்கள்.