கலைச்சொல் விவாதம்: ‘மூன்றாம் நாட்டுக்கு நாடுகடத்தல்’ போதுமா?

அன்புள்ள கலைச்சொல் அகராதிக் குழுவினருக்கு,

வணக்கம். குடியேறிகளை அவர்களுடைய சொந்த நாட்டுக்கு அனுப்பாமல் வேறொரு நாட்டுக்கு அனுப்பும் நடைமுறைக்கு இவ்விவாத இழையில் இதுவரை ‘மூன்றாம் நாட்டுக்கு நாடுகடத்தல்’, ‘வேற்றுநாட்டுக் கடத்தல்’, ‘தீவாந்தரம்’ ஆகிய மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருப்பதால் காரணங்களைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

‘நாடுகடத்தல்’ என்ற சொல் ஒருவர் எங்கிருந்து வெளியேற்றப்படுகிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. எங்கே கொண்டுபோய் விடப்படுகிறார் என்பதைச் சொல்வதில்லை. அவர் தம் நாட்டுக்குத்தான் போவார் என்பது எல்லோருக்கும் விளங்கியிருந்தவரை அந்தக் குறை தெரியவில்லை. 2025 மார்ச்சில் அமெரிக்கா இருநூறுக்கும் மேற்பட்ட வெனிசுவேலாக்காரர்களை எல் சால்வடோரின் பெருஞ்சிறைக்கு விமானத்தில் அனுப்பியபோது, நம் நாளிதழ்கள் பலவும் ‘வெனிசுவேலாவைச் சேர்ந்தவர்கள் நாடுகடத்தல்’ என்ற அளவில் தலைப்பிட்டிருந்தால் வாசகர் அவர்கள் வெனிசுவேலாவின் தலைநகரான காரகாஸ் போய்ச் சேர்ந்ததாகவே கொண்டிருப்பார். உண்மையில் நான்கு மாதம் கழித்து, ஜூலையில், கைதிகள் பரிமாற்றம் ஒன்றின் பகுதியாகத்தான் அவர்கள் வெனிசுவேலாவுக்குப் போனார்கள். ஆகவே புதிய சொல் போய்ச்சேரும் இடத்தைப் பற்றி ஏதேனும் சொல்லியே ஆக வேண்டும்.

‘மூன்றாம் நாடு’ அதைச் சொல்வதுபோல் தோன்றினாலும், எண்ணிக்கை யாரிடமிருந்து தொடங்குகிறது என்பது தமிழில் தெளிவாக இல்லை. தென்சூடான், எசுவாத்தினி, ருவாண்டா என்று ஆப்பிரிக்க நாடுகளின் பெயர்கள் வரிசையாக வரும்போது ‘மூன்றாம் உலக நாடு’ என்று படித்துவிடுகிறவர்கள் பலர். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஏதிலியர் (அகதிகள்) நடுவே ‘மூன்றாம் நாடு’ என்பது ஏற்கெனவே வழக்கில் உள்ள சொல். தாயகம் திரும்பவும் முடியாமல், தங்கியிருக்கும் நாட்டில் வேரூன்றவும் முடியாமல் இருப்பவரை ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் கனடாவோ நார்வேயோ ஏற்றுக்கொள்ளும் மீள்குடியேற்றத்தை அது குறிக்கிறது. விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய், ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறுகிற நல்வாய்ப்பின் பெயரை, கைவிலங்கிட்டு விமானத்தில் ஏற்றும் செயலுக்கும் வைப்பது பொருந்தாது.

‘வேற்றுநாட்டுக் கடத்தல்’ என்பதை நான் அறவே ஏற்கமாட்டேன். ‘நாடுகடத்தல்’ ஒட்டிய சொல்லாக நிற்கும்வரைதான் அதிலுள்ள ‘கடத்தல்’ தன் பழைய பொருளில் நிற்கிறது. அதைப் பிரித்து வேறு எந்தச் சொல்லோடு சேர்த்தாலும் தங்கமும் போதைப்பொருளும்தான் நினைவுக்கு வரும். ‘அயல்நாடுகடத்தல்’ என்று சேர்த்து எழுதினாலும் வாசகர் அதை ‘அயல்நாடு’, ‘கடத்தல்’ என்றே பிரித்துக்கொள்வார்.

‘தீவாந்தரம்’ அழகான பழஞ்சொல். புகலிடம் கேட்டவர்களை ஆஸ்திரேலியா அனுப்பிவைத்த நவூருவும் மானுசும் தீவுகளே என்று நண்பர் சுட்டியதும் சரி. ஆனால் தீவாந்தர சிட்சை என்பது நீதிமன்றம் குற்றவாளிக்கு விதித்த தண்டனை. இங்கே நாம் பேசுவது நிர்வாக நடவடிக்கை. எசுவாத்தினிக்கு 2025 ஜூலையில் அனுப்பப்பட்ட ஐவரும் அமெரிக்காவில் குற்றத்தீர்ப்புப் பெற்றவர்கள் என்பது உண்மை. எனினும் அந்நாட்டின் சிறையில் அவர்கள் அடைக்கப்பட்டது எந்தத் தீர்ப்பின்படியும் அன்று. சொல்லிலேயே தண்டனையை ஏற்றிவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துபோகும்.

எந்த நாடு ‘பிறநாடு’ என்பதை அனுப்பும் அரசை வைத்து அல்லாமல், அனுப்பப்படும் ஆளை வைத்தே கணக்கிட வேண்டும் என்பது என் அடிப்படைக் கருத்து. 2025 மே மாதம் அமெரிக்காவிலிருந்து தென்சூடானை நோக்கிப் புறப்பட்ட விமானத்தில் எட்டுப் பேர் இருந்தார்கள். நீதிமன்றத் தடையால் ஜிபூத்தியிலுள்ள அமெரிக்கப் படைத்தளத்தில் வாரக்கணக்கில் வைக்கப்பட்டு, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தபின் ஜூலையில் தென்சூடானின் தலைநகர் ஜூபாவில் இறக்கப்பட்டவர்கள் இவர்களே. அந்த எட்டுப் பேரில் ஒருவர் தென்சூடானியர். மற்றவர்கள் கியூபா, மெக்சிகோ, லாவோஸ், மியான்மர், வியட்நாம் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஒரே விமானம், ஒரே ஊர். ஆனால் அந்த ஒருவருக்கு நடந்தது வழக்கமான நாடுகடத்தல், ஏனையோருக்கு நடந்தது நாம் பெயர் தேடிக்கொண்டிருக்கும் செயல்.

எனவே ‘பிறநாட்டுக்கு நாடுகடத்தல்’ என்பதை முன்மொழிகிறேன். ‘நாடு’ இருமுறை வருவது செவிக்குச் சற்று உறுத்தலாம். நான்காம் வேற்றுமை உருபை மறைத்து ‘பிறநாட்டு நாடுகடத்தல்’ என்று சுருக்கலாமே என்றும் தோன்றலாம். சுருக்கினால் பிறநாடு ஒன்று செய்யும் நாடுகடத்தல் என்ற பொருளும் வந்துவிடும். உருபு இருக்கட்டும்.

இதனோடு சேர்த்துக் குழப்பக்கூடாத ஒன்றும் உண்டு. பிரிட்டன் 2022 ஏப்ரலில் ருவாண்டாவோடு செய்த ஏற்பாட்டில், புகலிடம் கேட்டவரின் மனுவைப் பிரிட்டன் விசாரிக்காமல், ஆளையும் மனுவையும் சேர்த்தே ருவாண்டாவிடம் ஒப்படைப்பது திட்டமாக இருந்தது. 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்குப் புறம்பானது என்றது. அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றப்பட்டும், 2024 ஜூலையில் வந்த புதிய அரசு திட்டத்தைக் கைவிட்டது. ஆஸ்திரேலியா 2001 முதல் நவூருவிலும் மானுசிலும் நடத்தியதும் இவ்வகையே. ஈழத்தமிழர் பலர் அங்கே ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். இதற்குப் ‘புறநாட்டுப் புகலிட விசாரணை’ என்று தனிச்சொல் வைக்கலாம். பிரிட்டன் அரசு இவ்வாறு அனுப்புவதைக் குறிக்கப் பயன்படுத்திய ‘relocation’ என்ற சொல்லை ‘இடமாற்றம்’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். நமக்கு அது வட்டாட்சியரைத் திருநெல்வேலிக்கு மாற்றுவதாகத்தான் கேட்கும்.

-----

ஐயா, வணக்கம்.

உங்கள் முன்மொழிவை ஏற்கிறேன். ‘தாயகமல்லா நாடு’ என்ற வழியில் நீங்கள் போகாததில் எனக்கு மகிழ்ச்சி. ஈழத்தமிழரான எங்களிடையே ‘தாயகம்’ என்பதற்கு வேறொரு அரசியற் பொருள் இருக்கிறது. நாடற்றவருக்கோ அப்படி ஒன்று ஏட்டில் இல்லை. வரையறையில் ‘குடியுரிமை’ என்றே எழுதுவது நல்லது.

வரையறையில் ‘சொந்த நாடு ஏற்க மறுத்தால்’ என்ற நிபந்தனையையும் சேர்க்கக் கூடாது. அரசுகள் சொல்லும் காரணம் அது, சொல்லின் பொருளன்று. எசுவாத்தினிக்கு அனுப்பப்பட்ட ஐவருள் ஜமைக்காக்காரர் 2025 செப்டம்பரிலேயே ஜமைக்காவுக்கே அனுப்பப்பட்டுவிட்டார்.

இன்னொன்று: அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் பிரிவை நாம் ‘திருப்பியனுப்பாமை’ என்று சொல்லி வருகிறோம். அந்தப் பிரிவு தடுப்பது வந்த இடத்துக்குத் திருப்புவதை மட்டுமன்று. உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள எந்த நிலப்பரப்புக்கும் அனுப்புவதை அது தடுக்கிறது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா கானாவுக்கு அனுப்பிய மேற்கு ஆப்பிரிக்கர்களுள், காம்பியாவுக்கு அனுப்பலாகாது என்று பாதுகாப்புப் பெற்றிருந்த ஒருவர் கானாவிலிருந்து காம்பியாவுக்கே போய்ச் சேர்ந்தார். பிறநாட்டுக்கு நாடுகடத்தல், இப்படித் திருப்பியனுப்புவதற்குச் சுற்றுவழியாகவும் ஆகிறது. ஆகவே ‘ஆபத்துக்கு அனுப்பாமை’ என்ற மாற்றுச்சொல்லையும் குழு பரிசீலிக்க வேண்டும். அதற்குத் தனியிழை தொடங்குகிறேன்.

-----

நன்றி. ‘சுற்றுவழி’ என்பதைத் துணைப்பதிவாகச் சேர்த்துக்கொள்கிறேன். அகராதிக்கான வரைவு கீழே. திருத்தங்கள் இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள்.

பிறநாட்டுக்கு நாடுகடத்தல் (பெயர்ச்சொல்): ஓர் அரசு, தன் எல்லைக்குள் இருக்கும் அயலார் ஒருவரை, அவருக்குக் குடியுரிமை இல்லாத இன்னொரு நாட்டுக்கு, அந்நாட்டு அரசின் இசைவோடு, அவருடைய விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வெளியேற்றுதல். வினை: பிறநாட்டுக்கு நாடுகடத்து. ஒப்பிடுக: புறநாட்டுப் புகலிட விசாரணை, மூன்றாம் நாட்டு மீள்குடியேற்றம். துணைப்பதிவு: சுற்றுவழித் திருப்பியனுப்பல்.